பம்புக்கு முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும்: உடற்பயிற்சியும் ‘மோட்டிவேசனும்’

எங்கள் வீட்டுக் கிணற்றுப் பம்புக்கு ஒரு குணம் இருக்கிறது. இரண்டு நாள் போடாமல் விட்டால், மூன்றாம் நாள் சுவிட்சைத் தட்டியதும் நன்றாக உறுமும். தண்ணீர் மட்டும் ஏறாது. கிணற்றுக்குள் இருக்கும் வால்வு லேசாகக் கசிவதால் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிப்போய், அந்த இடத்தைக் காற்றுப் பிடித்துவிடும். மேல் மூடியைக் கழற்றி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கத் தொடங்கும்.

எங்கள் திருகோணமலையில், அன்புவழிபுரம், பாலையூற்றுப் பக்கம் இந்த வித்தை தெரியாத வீடு குறைவு. ஆனால் அதே வீடுகளில், “நடக்கப் போகவேணும் எண்டுதான் இருக்கிறன், மோட்டிவேசன் வருதில்லை” என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கலாம். கிளினிக் கொப்பியில் ‘நடைப்பயிற்சி’ என்று எழுதிக்கொண்டு வந்தவர் சொல்வார். கலியாணத்துக்கு முன் வயிற்றைக் குறைக்க நினைக்கும் பெடியனும் சொல்வான். நானும் சொன்னவன்தான். ஒரு ஜிம்முக்கு வருடக் காசை முழுதாகக் கட்டிவிட்டுப் பதினொரு நாள் போனேன். அந்தக் காசைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் யாரும் கதைப்பதில்லை. கதைக்காமல் இருப்பதே ஒரு கதை.

தொலைபேசியைத் திறந்தால் இதற்கு மூன்று மருந்து சொல்கிறார்கள்: மன உறுதியை வளர்த்துக்கொள்; உன் மூளையில் டொபமின் என்ற இரசாயனம் குறைந்துபோயிற்று, அதைச் சரிசெய்; 21 நாள் செய், பழக்கமாகிவிடும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையப் பிழையும் இருக்கிறது. மோட்டிவேசன் என்பது உண்மையில் என்ன, அது எங்கே உண்டாகிறது, நடக்கத் தொடங்குவதற்கு அது முன்கூட்டியே வேண்டுமா என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பஞ்சி ஒரு குணமல்ல, ஒரு கணக்கு

சந்தையில் மீன் வாங்குகிறவரைப் பாருங்கள். இங்கே பாரை கிலோ ஒரு விலை. கொட்பேத் துறைமுகத்துக்குப் போனால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் போய்வரப் பெற்றோல் வேண்டும், நேரம் போகும், வெயில் வேறு. கடதாசியில் எழுதாமலே மனதுக்குள் ஒரு கழித்தல் நடக்கிறது. முடிவில் அவர் இங்கேயே வாங்கிவிடுகிறார். யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்வதில்லை.

விடிய ஐந்தரை மணிக்குப் படுக்கையில் நடப்பதும் இதே கழித்தல்தான். ஒரு பக்கம் செலவு: எழும்ப வேண்டும், சப்பாத்தைத் தேட வேண்டும், மூச்சு வாங்கும், யாராவது பார்ப்பார்கள். மறுபக்கம் பயன்: சீனி குறையும், பிரஷர் இறங்கும், முழங்கால் நோ தணியும். இந்தப் பயனையும் செலவையும் மூளை முன்கூட்டியே மதிப்பிட்டு, ‘செய்’ என்றோ ‘விடு’ என்றோ ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுக்குப் பெயர்தான் ஊக்கம். மோட்டிவேசன் என்று நாம் சொல்வதும் இதையே. ‘விடு’ பக்கம் சாய்ந்தால் அதைப் பஞ்சி என்கிறோம்.

கணக்கில் ஒரு கோணல் இருக்கிறது. செலவு இப்போதே, கையில். பயன் மூன்று மாதம் கழித்து, எங்கேயோ. தள்ளிப்போகும் பயனுக்கு மூளை மதிப்பைக் குறைத்துப் போடும். இதைக் காலத் தள்ளுபடி என்பார்கள். கொப்பிக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரர் இதை நன்றாக அறிவார்: இன்றைக்குக் கையில் வரும் ஆயிரம் ரூபாயும் ‘அடுத்த மாதம் தாறன்’ என்ற ஆயிரம் ரூபாயும் அவருக்கு ஒன்றல்ல. ஆகவே நடக்க மனம் வராத ஒருவரிடம், “நடந்தால் பத்து வருசம் கூட வாழலாம்” என்று சொல்வதில் பெரிய பிரயோசனம் இல்லை. பத்து வருடம் என்பது மூளையின் கடையில் மிகவும் நீண்ட கடன்.

பாண் ஆட்டோவின் மெட்டும் டொபமினும்

டொபமின் என்பது மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று. இணையத்தில் அதை ‘இன்ப இரசாயனம்’ என்று சொல்லிச் சொல்லியே பிழையாகப் பதிந்துவிட்டது. இனிப்புச் சாப்பிட்டால் டொபமின், வீடியோ பார்த்தால் டொபமின், ஆகவே அதை ஒரு கிழமை நிறுத்தினால் உடற்பயிற்சியில் ஆசை வந்துவிடும் என்கிறார்கள்.

எலிகளில் செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. மூளையில் டொபமினை அறவே இல்லாமற் செய்த எலிகளின் நாக்கில் இனிப்பை விட்டால், அவை வழமைபோல நக்கிச் சுவைத்தன. கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் காட்டினார். இன்பம் அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்தில் சாப்பாட்டை வைத்தாலும் அவை தாமாகப் போய்ச் சாப்பிடவில்லை. இன்னொரு ஆய்வாளர் ஜோன் சலமோன், 1990களில் எலிகளுக்கு இரண்டு வழி வைத்தார். ஒரு வழியில் கொஞ்சச் சாப்பாடு, தடை எதுவும் இல்லை. மற்றதில் நிறையச் சாப்பாடு, ஆனால் ஒரு தடையை ஏறிக் கடக்க வேண்டும். சாதாரண எலிகள் பெரும்பாலும் ஏறின. டொபமின் குறைக்கப்பட்டவை தடையில்லாத பக்கமே போயின. சாப்பாட்டில் ஆசை இல்லாமல் அல்ல. அதற்காக உழைக்கும் சாய்வு குறைந்துவிட்டது. டொபமினின் வேலை சுவைப்பதைவிட, போய் எடுக்க வைப்பதில்தான் கூடுதலாக இருக்கிறது.

இனிப் பாண் ஆட்டோ: மெட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வருமே, அதுதான். பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கைக்குள் அந்த மெட்டு கேட்டதும் என்ன நடக்கிறது? பணிஸ் இன்னும் வாயில் இல்லை, கண்ணிலும் படவில்லை. ஆனாலும் சின்னது காசு கேட்டுக் குசினிக்கு ஓடும். பெரியவர் ஒருவர் ஒன்றும் தெரியாததுபோலப் படலைக்கு நடப்பார். இந்த ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு அதே மெட்டு வெறும் சத்தம். இரண்டு கிழமை வாங்கிச் சாப்பிடட்டும், பிறகு அவரும் படலைக்கு வருவார்.

இதைத்தான் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளில் அளந்து பார்த்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கொடுத்தபோது டொபமின் கலங்கள் சுறுசுறுப்படைந்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று பழக்கிய பிறகு, அந்தச் சுறுசுறுப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு நகர்ந்தது. சாறு வந்தபோது புதிதாக எதுவும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, அது வரவேண்டிய நேரத்தில் கலங்களின் வேலை வழமையைவிடக் கீழே இறங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தக் கலங்கள் அறிவிக்கின்றன. அந்த வித்தியாசத்துக்குப் பெயர் எதிர்பார்ப்புப் பிழை. நினைத்ததைவிட நன்றாக இருந்தால் கணக்கு மேலே திருத்தப்படும். மோசமாக இருந்தால் கீழே.

இப்போது நடக்காதவரின் கதவடிக்கு வருவோம். அவருடைய மூளைக்குச் சப்பாத்து என்பது ஊருக்குப் புதியவர் கேட்ட மெட்டு. அது எதையும் முன்னறிவிப்பதில்லை. தொலைபேசித் திரை முன்னறிவிக்கிறது, தேத்தண்ணி முன்னறிவிக்கிறது. சப்பாத்து வெறும் சப்பாத்து. அதைப் பார்த்ததும் ஆசை வரவேண்டும் என்று காத்திருப்பது, ஒரு பணிஸும் வாங்காமல் மெட்டில் ருசி வரவேண்டும் என்று காத்திருப்பது போலத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஊக்கம் என்பது உள்ளே எங்கோ தேங்கிக் கிடக்கும் எரிபொருள் அல்ல, மூளை போடும் ஒரு முன்மதிப்பீடு. அந்த மதிப்பீடு பழைய அனுபவத்திலிருந்து வருகிறது. அனுபவம் இல்லாத செயலுக்கு முன்கூட்டியே நல்ல மதிப்பீடு கிடைக்காது. முதல் செம்புத் தண்ணீரை நாம்தான் ஊற்ற வேண்டும்.

முதல் மூன்று நிமிடத்தின் அநியாயம்

சரி, ஊற்றத் தொடங்குகிறோம். உடனே ஒரு சிக்கல் வருகிறது, என் பார்வையில் பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான்.

வீட்டில் நாலு பேருக்குச் சமைத்திருக்கும்போது வவுனியாவிலிருந்து பத்துப் பேர் முன்னறிவிப்பின்றி வந்து இறங்கினால் என்ன செய்வோம்? புதுச் சோறு வேக நேரம் எடுக்கும். அதுவரை பக்கத்து வீட்டு மாமியிடம் கைமாற்றாக வாங்கிப் பரிமாறுவோம். நடக்கத் தொடங்கும் உடம்பும் இதையே செய்கிறது. தசைகள் முதல் அடியிலேயே கூடுதல் ஒட்சிசன் கேட்கின்றன. ஆனால் இதயமும் நுரையீரலும் வேகமெடுத்து அந்தத் தேவையை எட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை தசைகள் கையிருப்பையும், ஒட்சிசன் இல்லாமல் சக்தி எடுக்கும் வழியையும் வைத்துச் சமாளிக்கின்றன. இந்த இடைவெளிதான் ஒட்சிசன் பற்றாக்குறை. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவதற்கு ஒரு காரணம் இதுதான்: மாமியின் சோற்றைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

ஆக, உடற்பயிற்சியில் மிகவும் கஷ்டமாகத் தெரியும் பகுதிகளில் ஒன்று அதன் ஆரம்பம். மூளை முன்மதிப்பீடு போடும்போது முன்னே வந்து நிற்பதும் அதே ஆரம்பம்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. உடற்பயிற்சிக்கு முன், ‘எவ்வளவு பிடிக்கும்’ என்று கேட்டார்கள். முடிந்தபின், ‘எவ்வளவு பிடித்தது’ என்று கேட்டார்கள். ஆட்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே பிடித்திருந்தது. முன்கணிப்புக் குறைந்துபோனதற்குக் காரணம், கஷ்டமான தொடக்கத்திலேயே மனம் குந்திக்கொள்வதுதான் என்று அவர்கள் கண்டார்கள். படுக்கையில் கிடக்கும்போது நாம் கேட்கும் குரல் நேர்மையான குரல்தான். ஆனால் அது முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு முழு நடைக்கும் தீர்ப்புச் சொல்கிறது.

வேகமும் இதில் சேர்கிறது. கதைக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் எல்லையைத் தாண்டினால், ஏறக்குறைய எல்லோருக்குமே உடற்பயிற்சி இனிக்காது. முதல் நாளே ஓட வெளிக்கிடுகிறவர் தன் மூளைக்கு, ‘நினைத்ததைவிட மோசம்’ என்ற செய்தியை எழுதிக் கொடுக்கிறார். அடுத்த நாள் சப்பாத்தைப் பார்த்ததும் மூளை அந்தச் செய்தியை எடுத்து வாசிக்கும். என் பதினொரு நாள் ஜிம் கதையும் இதுதான். பஞ்சியால் நிற்கவில்லை, பதினொரு முறை ஒழுங்காகக் கெட்ட அனுபவத்தைக் கொடுத்து, போகாமல் இருக்க மூளைக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடுத்தர வேகம் அதுதான். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி இதற்கு நல்ல இடம். பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து நடந்தால் ஏற்றம் வரும், நிழல் வரும், இடையில் மான்கள் நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முன்னே ஏறிக்கொண்டிருந்த ஓர் ஐயா, பேரனாக இருக்கவேண்டும், கூட வந்த பெடியனிடம் சொன்னார்: “கதைச்சுக்கொண்டு ஏறேலுமெண்டா நட. ஏலாதெண்டா மானைப் பாத்துக்கொண்டு நில்.” உடலியல் படித்தவர்கள் சில பக்கங்களில் எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இரண்டாம் நாள் தொடை இறுகி, கக்கூசில் குந்தி எழும்பவே முடியாமல் போவது பற்றியும் ஒரு வார்த்தை. பழக்கமில்லாத வேலைக்குப் பிறகு 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வரும் இந்த நோவுக்கு லக்டிக் அமிலம் காரணமல்ல. அது வேலை முடிந்து சிறிது நேரத்திலேயே குறைந்துவிடும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் திருத்தும் வேலையும்தான் காரணம். அடுத்த தடவை இவ்வளவு நோகாது. ஆனால் நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் அது வேறு விஷயம். நின்று, டொக்டரிடம் போக வேண்டும். இதய வருத்தம் உள்ளவர்கள் தொடங்குமுன்பே கேட்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்துக்கொள்வது நல்லது.

மோட்டிவேசன் பேச்சுக்கு நேர்ந்த கதி

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு ஆய்வை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். 2002இல் பிரித்தானிய உளவியலாளர்கள் 248 பல்கலைக்கழக மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. இரண்டாம் குழுவுக்கு, உடற்பயிற்சி இதய நோயை எப்படித் தடுக்கிறது என்று விளக்கி ஊக்கமூட்டும் வாசிப்பு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு அதே வாசிப்புடன் ஒரு சின்ன வேலை: அடுத்த கிழமை எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே உடற்பயிற்சி செய்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கிழமைக்குள் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள்: முதல் குழுவில் 38 வீதம். ஊக்கமூட்டப்பட்ட இரண்டாம் குழுவில் 35 வீதம். நாளும் நேரமும் இடமும் எழுதிய மூன்றாம் குழுவில் 91 வீதம்.

மாணவர்கள்தான், ஒரு கிழமைதான். உலகம் முழுவதற்கும் இதே எண்ணிக்கை வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 38உம் 35உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். ஊக்கப் பேச்சு மட்டும் கேட்டவர்கள், ஒன்றும் கேட்காதவர்களைவிட ஓர் அடியும் கூட நடக்கவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பின்னணி இசையோடு வரும் வீடியோக்களைப் பார்த்து நெஞ்சு விம்மித் தூங்கி, விடிய எழும்பாத எல்லோருக்கும் இந்த 35 வீதம் சொந்தம்.

மூன்றாம் குழு செய்ததை ‘எப்போது–எங்கே’ முடிவு என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார். ‘நடக்க வேணும்’ என்பது விருப்பம். ‘இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்’ என்பது முடிவு. முன்னதில் ஒவ்வொரு நாளும் அந்தக் கழித்தல் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பின்னதில் கணக்கு முந்தைய நாளே முடிந்துவிட்டது. குறிப்பிட்ட அந்தத் தருணம் வந்து நம்மைத் தட்டுகிறது. அப்படித் தட்டும் நேரம், இடம், சத்தம் எதுவாக இருந்தாலும் அதற்குத் தூண்டுகுறி என்று பெயர். பாண் ஆட்டோவின் மெட்டும் ஒரு தூண்டுகுறிதான்.

திருகோணமலையில் ஒரு தூண்டுகுறியைத் தேடினால்

கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுவது எளிது. நகரத்தில் பின்னேரம் எந்த டியூசன் வாசலுக்கும் போய்ப் பாருங்கள். அப்பாமாரும் அம்மாமாரும் மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் தொலைபேசி பார்ப்பார்கள். அவர்களுக்கு நேரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. “மகளை இறக்கிவிட்ட உடனே பைக்கைப் பூட்டிவிட்டு, இந்த ஒழுங்கை முடியும் வரை நடப்பேன்” என்பது ஒரு முழுமையான ‘எப்போது–எங்கே’ முடிவு. கூச்சமாக இருந்தால் எதிர்ப் பக்கம் நடக்கலாம். அங்கே தெரிந்த ஆக்கள் குறைவு.

சுபஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்புகிறவர் சுற்றுவழியால் வரலாம். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஆட்டோவில் போகிறவர் கோட்டை வாசலில் இறங்கிவிடலாம். கிழமைக்கு ஒரு நாள் கைக்குக் கிடைத்தாயிற்று. கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைத் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் மேலும் கீழும் நடக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு: வேலை செய்யும் தசை இரத்தத்திலிருந்து குளுக்கோசை நேரடியாக எடுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆகவே சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் அதன் பயன் மூன்று மாதம் கழித்து அல்ல, அன்றைக்கே கிடைக்கிறது. வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் நடந்த நாளும் நடக்காத நாளும் குத்திப் பார்க்கலாம். தள்ளிப்போன பயனைக் கிட்டக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மற்ற வேலை, செலவுப் பக்கத்தைக் குறைப்பது. சப்பாத்து அலுமாரியில் இருந்தால் ஒரு செலவு. கதவடியில், உள்ளே காலுறையோடு இருந்தால் அந்தச் செலவு இல்லை. புதுச் சப்பாத்து வாங்கினால்தான் தொடங்குவேன் என்பது கணக்கில் நாமாக ஏற்றும் சுமை. கால் உணர்வு குறைந்த சீனி வருத்தக்காரருக்கு மூடிய நல்ல சப்பாத்து அவசியம். மற்றவர்கள் முதல் கிழமை இருப்பதைப் போட்டுக்கொண்டு நடக்கட்டும்.

சுருக்கமாக: ஊக்கத்தை ஏற்றுவதைவிட, தொடங்குவதை மலிவாக்குவது எளிது. ஒரு தூண்டுகுறி, கிட்டவான இடம், கதைக்கக்கூடிய வேகம். நினைத்ததைவிட நன்றாக முடியும் ஒவ்வொரு நடையும் மூளையின் கணக்கைக் கொஞ்சம் மேலே திருத்தும்.

21 நாளா, 66 நாளா?

21 நாள் கதையின் ஊற்று உடற்பயிற்சி அல்ல. 1960இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளளவில் எடுக்கிறது என்று கவனித்து எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகம் என்பதும் விழுந்துவிட்டது. மிஞ்சியது எண் மட்டும்.

பழக்கம் என்பது, ஒரு தூண்டுகுறி வந்ததும் யோசிக்காமலே தொடங்கிவிடும் செயல். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 கிழமை பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், புதுச் செயல் இப்படித் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. தண்ணீர் குடிப்பதைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டது. ஆகவே 22ஆம் நாளும் பஞ்சியாக இருக்கிறது என்றால் உங்களிடம் பழுது ஒன்றும் இல்லை. இன்னும் பாதி வழிகூட வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த முடிவு வேறு: ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ‘சங்கிலி அறுந்துபோச்சு’ என்று முழுவதையும் கைவிடுகிறவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

10,000 அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அந்தப் பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி மானி’. வயதான பெண்களில் நடத்தி 2019இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி அளவில் நடந்தவர்களிலேயே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைந்திருந்தது. 7,500க்கு மேல் போனபோது கூடுதல் பயன் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகச் செயற்பாடும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் கேட்கிறது. முன்பு ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நாலு நிமிடமும் கணக்கில் சேரும். தொடங்குகிறவருக்கு 150 என்பது பின்னால் போய்ச் சேரும் ஊர்; இன்றைய வேலை ஒழுங்கை முடிவு வரைதான்.

மழை, நாய், ஆக்கள்

எங்கள் ஊரில் எந்தத் திட்டமும் வானத்தைக் கேட்டுத்தான் ஓடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எட்டு மணிக்கே தார் வீதி கொதிக்கும். விடிய அல்லது பொழுது சாய்ந்த பிறகுதான் நடை. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. விடிய நடக்கிற பழக்கத்தின் எதிரி அதுதான். ஆகவே ‘எப்போது–எங்கே’ முடிவில் இன்னொரு வரி வேண்டும்: ‘மழை என்றால், அதே நேரத்தில், விறாந்தையில்’. நேரமும் அதே சப்பாத்தும் மாறாமல் இருந்தால் தூண்டுகுறி உயிரோடு இருக்கும், இடம்தான் மாறும். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருந்தாலே தொடைக்கு நல்ல வேலை.

தெருநாய்க்கு ஒரு தடி. டச்பே, உப்புவெளிக் கடற்கரைகளில் நடக்கிறவர்களுக்கு ஈர மணல் தேவலை. காய்ந்த மணல் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும், முதல் கிழமைக்கு ஆகாது. ஆக்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம், பெண்களுக்கு முக்கியமாக, உண்மையான செலவு. அதை ‘சும்மா பொருட்படுத்தாதே’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு பேராகப் போனால் அந்தச் செலவு பாதிக்கும் கீழே போகிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்று அக்காமார் அப்படித்தான் தொடங்கினார்கள். இப்போது ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரும் அவருடைய படலையில் நின்று கூப்பிடுவார்கள், வராமல் இருப்பதுதான் கஷ்டம்.

போன மார்கழியில் மழையும் காய்ச்சலுமாகப் பன்னிரண்டு நாள் நான் நடக்கவில்லை, விறாந்தையிலும் இல்லை. பதின்மூன்றாம் நாள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு படலை வரை போய், ஒழுங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். தேத்தண்ணி ஆத்திக்கொண்டிருந்த மனுசி, “என்ன, அவ்வளவுதானோ?” என்றாள்.

“இண்டைக்கு அவ்வளவுதான்” என்றேன். அடுத்த நாள் சந்திக் கடை வரை போனேன்.